குழாய் அறையில் கயிறு பிடித்தவன்

அறையில் இருந்தவர்கள்: டாக்டர். பிலோமினா சிஸ்டர். குழாயின் விளக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட கம்பவுண்டர். என் மனைவியின் தம்பி சவரிமுத்து. மேசையில் இடப்பக்கமாக ஒருக்களித்து நான். என் மனைவி அந்தோணியம்மாள் வெளியே வராந்தாவில் ஜெபமாலையோடு இருந்தாள்.

எனக்குக் குழாய் விட்டுப் பார்ப்பது அது இரண்டாம் தடவை. முதல் தடவை கெட்டது என்னால். உங்களுக்கும் இதைச் செய்யச் சொல்லியிருந்தால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தூத்துக்குடியில் கடலில் முங்கிச் சங்கு குளிக்கிற வேலை. எழுபத்தேழில், தை மாதம், மலத்தோடு ரத்தம் போனது. சூடு என்று மோர் குடித்தேன். நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடலில் இறங்க விடமாட்டார்கள். பிறகு வேட்டியில் பட்டது. அந்தோணியம்மாள் பார்த்துவிட்டாள்.

பேரியம் எக்ஸ்ரே (வெள்ளை மருந்தை உள்ளே ஏற்றி எடுக்கும் படம்) எடுத்தார்கள்.

"நிழல் மாதிரி ஒண்ணு தெரியுது. கட்டிதானான்னு படத்தை வச்சுச் சொல்ல முடியல" என்றார் டாக்டர்.

கொலனோஸ்கோப்பி (வளையும் குழாயைப் பின்வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்றார். அந்தக் குழாய் அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. முங்கி முங்கி என் நெஞ்சு கெட்டிருந்ததால் மயக்க ஊசி கிடையாது.

"பொறுத்துக்கிடணும்" என்றார்.

பொறுப்பது எனக்குத் தெரிந்த வேலை. இரண்டு நாள் கஞ்சித்தண்ணி, விளக்கெண்ணெய், இனிமா. பிறகு மேசை. குழாய் ஏறியது. காற்றடித்தார்கள். வயிறு கிழிவதுபோல் இருந்தது. நான் ஒரு சத்தம் போடவில்லை. வயிறு பலகையாகிவிட்டது. முதல் வளைவைத் தாண்டிக் குழாய் போகவில்லை. டாக்டர் வெளியே எடுத்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை பாப்பேன். போகலன்னா வயித்தத் திறந்துதான் தேடணும். குடலை வெளிய எடுத்து வைக்க வேண்டி வரலாம்."

வயிற்றில் வாசல் வைத்து, மலம் விழப் பை கட்டுவது. அந்த வார்டில் ஒருவருக்கு இருந்தது. பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை. செத்துவிட்டால் நல்லது என்று இருந்தது. அந்தோணியம்மாளிடம் சொல்லவில்லை.

சவரி கட்டிலருகே வந்து உட்கார்ந்தான். முதல் தடவை கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறான்.

"அத்தான், நீரு மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடந்தீரு."

"இல்லலே."

"கழுத்து நரம்பு எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷமா பாக்கேன். கீழ போறப்ப இருக்கிற மூஞ்சி அது. அங்கன என்ன, சங்கா கெடக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலித்தது.

எங்கள் கரையில் சங்கு குளிக்கிறவனுக்கு வள்ளத்தில் இருந்து கயிறு பிடிப்பது அவன் மச்சினன்தான். அக்காள் தாலி அறுந்துபோக விடமாட்டான் என்று அப்படி ஒரு வழக்கம். கீழே இருந்து கயிற்றை ஒருதரம் இழுத்தால் தூக்கிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை சவரி கதவில் நின்றுகொண்டான்.

"சொந்தக்காரங்க உள்ள வரக்கூடாதுப்பா" என்றார் டாக்டர்.

"சொந்தக்காரனா வரல சார். இவருக்குக் கயிறு பிடிக்கிறவன். வலிச்சா இவரு சொல்லமாட்டாரு, மூச்ச அடைச்சுக்கிடுவாரு. எனக்குத் தெரியும்."

 டாக்டர் அவனைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார்.

சிஸ்டர் பேண்டேஜ் துணியை என் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனை சவரி கையில். நான் இழுத்தால் அவன் "நிறுத்துங்க சார்" என்பான். டாக்டர் நிறுத்திக் காற்றை இறக்குவார். சிஸ்டர் உள்ளங்கையால் வயிற்றை அழுத்திப் பிடிப்பாள். ஒரு தடவை மல்லாக்கப் புரட்டினார்கள். அதில் பாதி வலி குறைந்தது.

வலி வந்தால் என் மூச்சு தானாக நின்றது. சவரி விடவில்லை. "விடும் அத்தான். வெளிய விடும். இன்னும்." ஏழு தடவை துணியை இழுத்தேன். வெட்கமாக இருந்தது. எட்டாவது இழுக்கும்போது வெட்கம் இல்லை. அழுதேன்.

குழாய் வளைவைத் தாண்டியது. அதற்கு அப்பால் கட்டி இருந்தது. கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று.

இடம் தெரிந்ததால் அந்த அளவுக்குக் குடலை வெட்டி, இணைத்துத் தைத்தார்கள். பை வைக்கவில்லை. ஆனால் இனிச் சங்கு குளிக்கக் கூடாது என்றார் டாக்டர். ஒரு மாதம் கரைப் பக்கமே போகவில்லை.

வருஷத்துக்கு ஒருதரம் குழாய் விடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பயம்தான். மூச்சை விடுங்கள். நிறுத்தச் சொல்லுங்கள். உங்களைத் தெரிந்த ஒருவரை உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது சவரி குளிக்கிறான். வள்ளத்தில் நான் கயிறு பிடிக்கிறேன். முன்னே நான் கீழே மூச்சடக்கி இருக்கும் நேரத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். மேலே உட்கார்ந்தால் அந்த எண்ணிக்கை எனக்கு வரவில்லை. ஒவ்வொரு மூச்சாக விட்டு, அதைத்தான் எண்ணுகிறேன்.

நேற்று சவரி கீழே போய் மேலே வருவதற்குள், பதினாறு மூச்சு.