வெண்கலம் எதிரொலியைத் துரத்திய கதை

நீதிமன்ற வாசலில் நின்று வழக்குக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிடும் வேலையிலேயே வெண்கலத்துக்குத் தலை நரைத்துவிட்டது. வெண்கலம் என்பது அவர் குரலுக்கு வக்கீல்கள் கொடுத்த பட்டம். எந்தப் பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும், அந்த நீண்ட நடைக்கூடத்தின் கல்சுவர்களில் முட்டி மோதி அந்தப் பெயர் தம்மிடமே திரும்பி வரும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். வந்ததும் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்தப் பெருமையில் பாதி கட்டடத்துக்குச் சேர வேண்டியது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. யார் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது?

வீட்டிலும் அதே கூத்துதான். மனைவி பக்கத்திலேயே நின்றாலும் தண்ணீருக்கு மூன்று அழைப்பு. "இங்கதாங்க நிக்கிறேன்" என்று அவள் முதல் அழைப்பிலேயே ஆஜரானாலும் மற்ற இரண்டும் வந்தே தீரும். சட்டம் என்றால் சட்டம்.

ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க அவருக்கு ஒரே கவலை. வாசல் போய்விட்டால் தம் குரலை எவன் மதிப்பான்? அந்தச் சமயத்தில்தான், கதைகளை ஒலிப்புத்தகமாக்கும் நிறுவனம் ஒன்று குரல் தேடுவதாக மகள் சொன்னாள். போன உயிர் திரும்பியது. மகள் தோழியிடமிருந்து ஒரு மைக்கை இரவல் வாங்கி வந்தாள். வீட்டில் தம் குரல் எங்கே கம்பீரமாகக் கேட்குமோ அங்கே உட்கார்ந்து வெண்கலம் மாதிரிக்காக ஒரு கதையின் முதல் சில பக்கங்களைப் பதிவு செய்தார். அந்த இடம் குளியலறை.

"கதை கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. எதிரொலி இல்லாமல் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது.

"எதிரொலி இல்லாம குரலா? உப்பில்லாம குழம்பு கேக்குறானுங்க!" என்று குதித்தார்.

முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி ஓடிவிடும் என்று ஒரு குமாஸ்தா காதில் ஓதினார். கடைக்காரர் வெறும் அட்டை தர மறுத்ததால் முட்டையோடு வாங்க வேண்டியதாயிற்று. காலையிலும் முட்டை, மாலையிலும் முட்டை. முன்னறைச் சுவர் முழுக்க அட்டை ஏறியது. எதிரொலியோ வீட்டை விட்டுப் போகவில்லை; அப்படியே பதிவு செய்து அனுப்பினார். "மெல்லிசு அட்டைக்கெல்லாம் அது அடங்காதுப்பா, கனமான துணி வேணும்" என்று மகள் முதலிலேயே சொன்னாள். பெற்ற பிள்ளை சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டா?

"இப்போது கிணறு கொஞ்சம் சிறிதாகியிருக்கிறது. கடைசியாக இன்னும் ஒருமுறை முயலுங்கள்" என்றது நிறுவனம்.

வெண்கலம் இறங்கி வந்தார். மகள் பொறுப்பேற்றாள். படுக்கையறையில் மெத்தைகளை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தினாள். துணி அலமாரியைத் திறந்து வைத்தாள். தரையில் கம்பளி, மேசையில் கனத்த துண்டு, வாய்க்கு ஒரு சாண் தள்ளி மைக். கை தட்டிப் பார்த்தால் சத்தம் பொத்தென்று அங்கேயே விழுந்தது.

வெண்கலம் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. இன்னும் உரக்கப் படித்தார். அதையும் மெத்தை விழுங்கியது. பக்கம் முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது.

"அப்பா, இங்க யாரும் ஆஜராக வேண்டாம். கத்தாதீங்க, கதை சொல்லுங்க."

"நான் எங்க கத்துறேன்?" என்று கத்தினார்.

பதிவைப் போட்டுக் காட்டினாள். மெலிந்து கரகரத்த ஒரு குரல் எதற்கோ அலறிக்கொண்டிருந்தது.

"யாரு இந்தக் கிழவன்?"

"நீங்கதாம்பா."

அவர் முகம் தொங்கிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. "மைக்கு சரியில்ல" என்று முனகினார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவர்தான் பாக்கி. அதில் பட்ட குரல், காதுக்குக் கேட்காவிட்டாலும், நேரே மைக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. போர்வையைத் தொங்கவிடலாம் என்றால், சுவரில் ஆணி அடித்தால் வீட்டு ஓனர் அடிக்க வருவார். ஆகவே மனைவி வரவழைக்கப்பட்டாள். தடித்த போர்வையை இரு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தபடி அவர் முதுகை ஒட்டி நின்றாள்.

கத்துவதற்குத் தொண்டையில் தெம்பில்லை. வேறு வழியில்லாமல் தாழ்ந்த குரலில் படித்தார். எதற்கும் காத்திருக்கவில்லை, ஒரு வாக்கியம் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு போனது. போர்வை ஆடவேயில்லை. அனுப்ப வேண்டிய பக்கங்களின் கடைசி வரியும் முடிந்தது.

போர்வைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. இன்னைக்குத்தாங்க பேசுறீங்க."

வெண்கலம் மெல்லத் திரும்பி, "கை வலிக்குதா?" என்றார்.

"அவங்க கேட்டது இவ்வளவுதான்பா. அனுப்பிடலாம்" என்று மகள் பதிவை நிறுத்தப் போனாள்.

"அவங்களுக்கு அதை அனுப்பு" என்றாள் அம்மா, போர்வையை இறக்காமலேயே. "எனக்கு மிச்சத்தைப் படிக்கச் சொல்லு."