வாசலில் எனக்காக நின்றவர்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு மறுநாள், பதுளையில் நான் வேலை பார்த்த தியேட்டரில் நடந்தது இது.

வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதும், படம் முடிந்ததும் உள்ளே கூட்டிப் பெருக்குவதும் என் வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து, மறுபடி நாள் முழுவதும் நிற்பேன். டிக்கெட் கிழிப்பவர்கள் உட்காரக்கூடாது என்பது மேனேஜரின் சட்டம். படம் பார்க்க வருகிறவர்களுக்கு அது மரியாதைக் குறைவாம். ஏதாவது கேட்டால் வேறு ஆளை வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று பகல் காட்சிக்குத் தோட்டங்களிலிருந்து சனம் திரண்டு வந்திருந்தது. பாதி வரிசை உள்ளே போவதற்குள் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன். எதிரே புதுச் சேலையில் நின்ற ஒரு அக்கா, இடுப்பிலிருந்த பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தார்.

"எத்தன மாசம் தங்கச்சி?"

"ஆறுக்கா."

"ஒக்கார ஒண்ணும் தரலயா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கேன்டீனுக்குள் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து என்னை உட்கார வைத்தார். பிறகு என் இடத்தில் நின்று அவரே டிக்கெட் கிழிக்கத் தொடங்கிவிட்டார்.

மேனேஜர் வேகமாக வந்தார். "நீ ஏன் ஒக்காந்திருக்க? இது யாரு?"

நான் பதறி எழப் போனேன். அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"நீ இரு தங்கச்சி. சேர், இந்தப் புள்ள விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? நாங்க மலையில கொழுந்து எடுக்கிறவங்க. வயித்துப் புள்ளயோட நாள் முழுக்க நிக்கிறது என்னான்னு எங்களுக்குத் தெரியும்."

"அவங்க ஒக்காந்து கிழிச்சா எங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சி போகாதுங்க" என்றார் பின்னால் நின்ற ஒருவர். வரிசையில் இன்னும் சிலர் "ஆமாங்க" என்றார்கள். மேனேஜர் திரும்பிப் போனார்.

உள்ளே படம் தொடங்கும் சத்தம் கேட்டது. "நீங்க போங்கக்கா" என்றேன். கடைசி ஆள் உள்ளே போகும்வரை அவர் நகரவில்லை. இடைவேளையில் எனக்குப் பால் விடாத ஒரு பிளேன்டீ வேறு வாங்கித் தந்தார்.

மறுநாள் ஸ்டூல் கேன்டீனுக்கே போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அன்று அழுதுவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. படம் ஓட்டும் அண்ணனையும் கேன்டீன் அக்காவையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய், "சேர், எனக்கு ஒக்கார எடம் வேணும்" என்றேன். கூட்டமில்லாத நேரத்தில் மட்டும் உட்காரச் சொன்னார். நாளடைவில் கூட்டத்திலும் யாரும் என்னை எழுப்பவில்லை.

சம்பளம் கூடவில்லை. பிரசவத்துக்காக வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மகள் மட்டும் சுகமாகப் பிறந்தாள்.

அந்த அக்கா எந்தத் தோட்டம் என்றுகூட நான் கேட்கவில்லை. எப்போதாவது கிடைக்கும் லீவில் படம் பார்க்க வந்தவர், அதன் தொடக்கத்தை முன்பின் தெரியாத எனக்காக விட்டுக்கொடுத்தார். வலியைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் நிற்பதுதான் நல்ல வேலைக்காரிக்கு அழகு என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததே இல்லை.