வேலியோரத் தும்பை

அக்கராயன் கிராமத்தில், எங்கள் வீட்டு வளவில் நான் நட்டது எதுவும் பிடிக்கவில்லை. நடாத தும்பைதான் மாரி முடிந்ததும் வேலியோரம் முழுக்க வெள்ளையாகப் பூக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் களைநாசினி அடித்துவிட்டார்கள். எங்கள் வளவில் அது மிஞ்சியிருப்பது என் சோம்பேறித்தனத்தால். சளி, தலையிடி, பீனிசம், பூச்சிக்கடி என்று தும்பை மாற்றும் வருத்தங்களை வைத்தியப் புத்தகங்களில் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு, என் தும்மலுக்குக் கிளிநொச்சிப் பாமசியில் குளிசை வாங்குவேன்.

அடுத்த வளவில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அந்த அக்காவின் கணவர் நெல்வெட்டும் மெசினோடு ஊரூராகப் போகிறவர். தூசி நெஞ்சுக்குள் இறங்கி, எங்கள் பக்க அறுவடை முடிந்த பிறகும் இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரி மருந்தும் எடுத்தார். ஆனால் தும்பையிலை அவித்து அந்த ஆவியில் வேது பிடித்த நாட்களில்தான் மூச்சு இலேசாகி வேலைக்குப் போனார். போகாத நாளில் சம்பளமும் இல்லை.

அதனால் அக்கா காலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, இலையும் பூவுமாகப் பிடுங்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போவார். நான் விறாந்தைக் கதிரையில் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருப்பேன். நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவர் போகும்வரை பேப்பரை இறக்க முடியாததால் மரண அறிவித்தல்கள் எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டன.

ஒருநாள் பெருந்தன்மை தலைக்கேறி, பேப்பரை இறக்கினேன்.

“ஏன் அக்கா ஒளிச்சு வாறியள்? படலையால வந்து வேண்டியமட்டும் பிடுங்குங்கோ.”

“சரிங்க சேர்” என்றார். முந்தானையை அவிழ்த்து, பிடுங்கியதைச் செடியடியிலேயே கொட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

காரணம் என் மனைவிக்குத்தான் தெரிந்திருந்தது. மருந்துப் பூண்டை வளவுக்காரர் கொடுக்காமல் எடுக்க வேண்டும், கொடுத்து வாங்கினால் பலிக்காது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம்.

“அந்த மனிசி சும்மா எடுத்துக்கொண்டு போனது. உங்களுக்கு வாயை வச்சுக்கொண்டு இருக்கேலாதோ?” என்றாள்.

கெடுத்ததை நானே திருத்தலாம் என்று நினைத்தேன். அடுத்த காலை, அக்கா தன் வளவைக் கூட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இனி ஒருத்தரும் எங்கட வளவுக்குள்ள கால் வைக்கப்படாது, ஒரு இலை தொடப்படாது என்று பெரிதாகச் சத்தம் போட்டேன். குசினிக்குள் ஒத்திகை பார்த்த வசனம். நடுவில் தும்மல் வந்து பாதி போய்விட்டது.

அக்கா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வேலியருகே வந்தார். கோபமில்லை. சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

“உங்களுக்கு ஏச வரலைங்க சேர். நீங்கதான் மனசால குடுத்துட்டீங்களே. இனி எப்படி எடுத்தாலும் அது குடுத்ததுதாங்க.”

இத்தனை புத்தகம் வாசித்தவன் திரும்பி விறாந்தைக்கு நடந்தேன்.

மெசின் இப்போது புளியங்குளம் பக்கம் நிற்கிறது. அக்காவின் கணவர் போகவில்லை. காலையில் இருமல் வேலி தாண்டி வருகிறது. தும்பை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பூத்துக் கொட்டுகிறது. வேலிப் பொட்டை நான் அடைக்கவில்லை. பேப்பரையும் பழையபடி உயர்த்தித்தான் பிடிக்கிறேன். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுகிறேன்.