இரண்டு கருவைக் கிளைகள்

குன்னம் பக்கம் பிறந்த நான் மரங்களைப் பற்றிப் பெருமை பேசக் கூடாதுதான். மானாவாரி மக்காச்சோளத்தையும் பருத்தியையும் விட்டால் எங்கள் கண்ணுக்கு வேறு பச்சை தெரியாது. ஆனால் நாட்டுக் கருவையையும் சீமைக் கருவையையும் பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். இலைகூட வேண்டாம், ஒரு முள் போதும். இந்தத் திமிர் எனக்கு ஆறாம் வகுப்பிலேயே வந்துவிட்டது.

அந்த வருடம் சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. எங்கள் ஊரில் அதை வேலிக்காத்தான் என்போம். சீமைக் கருவேலம் என்பதெல்லாம் மேடைப் பெயர். பள்ளியில் அதை வைத்துப் பேச்சுப் போட்டி அறிவித்தார்கள். தமிழய்யா எனக்கு இரண்டு பக்கம் எழுதித் தந்தார். நிலத்தடி நீரை உறிஞ்சும், பக்கத்தில் புல்லைக்கூட முளைக்க விடாது என்று ஒரே வசை. எனக்கு அது போதவில்லை. இரண்டு கருவையிலும் ஒவ்வொரு கிளையை மேடையில் தூக்கிப் பிடித்து வித்தியாசம் காட்டினால் பரிசு நமக்குத்தான் என்று தோன்றிவிட்டது.

கிளைக்காக நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. அம்மாவின் பிழைப்பே அதுதான். ஏரிக்குள் மண்டிக்கிடந்த வேலிக்காத்தானை அவள் வெட்டிச் சாய்ப்பாள். அப்பா அதை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, மூட்டம் வைத்துக் கரியாக்குவார். எங்கள் சோறு, என் நோட்டு, பாவாடை எல்லாம் அந்தக் கரியில் வந்ததுதான். சாயங்காலம் அம்மா வந்து காலை நீட்டினால், ஊக்கால் முள் எடுத்து, அந்த இடத்தில் எருக்கம்பால் வைப்பது என் வேலை. டயர் செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும் முள் அது.

நான் மைக்கில் பேசப்போகிறேன் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மறுநாள் மதியமே வேலையைப் போட்டுவிட்டு இரண்டு கிளைகளோடு வந்தாள்.

"இத பாரு, நாட்டுக் கருவைக்கு முள்ளு வெள்ளையா, நீட்டமா இருக்கும். பூவு மஞ்சக் குண்டு. காயி பாசிமணி கோத்தாப்புல இருக்கும். வேலிக்காத்தான் பூவு திரி மாதிரி தொங்கும், காயி இனிக்கும், ஆடு வுடாது. மாத்திச் சொல்லிப்புடாத பாப்பா, சிரிப்பாங்க."

அதோடு விடவில்லை. நான் பிடிக்கும் இடத்தில் மட்டும் முள்ளைச் சீவி, பழைய புடவைத் துணியைச் சுற்றிக் கொடுத்தாள்.

போட்டியன்று மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களோடு ஒன்றியத்து ஆபீசர் ஒருவரும் வந்திருந்தார். அம்மா தன்னிடம் இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றிருந்தாள். எனக்கு முன்னால் பேசியவன் பாதியில் மறந்துபோய் அழுதே விட்டான். அடடா, இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா எனக்கு!

முள், பூ, காய் என்று அம்மா சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்ததுபோல் அளந்துவிட்டேன். கைதட்டல் கேட்கக் கேட்கத் தலைகால் புரியவில்லை. தமிழய்யா எழுதாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். சீமைக் கிளையை உயரத் தூக்கி, "இந்த மரத்தால் பிழைத்தவர் இந்த ஊரில் ஒருவராவது உண்டா? இருந்தால் கை தூக்குங்கள்!" என்றேன்.

 ஒரு கையும் எழவில்லை. பெரிய பேச்சாளர்களைப்போல நிறுத்தி நிதானமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அம்மாவையும் பார்த்தேன். அவளுடைய இரண்டு கையும் முந்தானைக்குள் இருந்தன. "பார்த்தீர்களா?" என்றேன். அப்புறம் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஆபீசர் எழுந்து, இந்தப் பாப்பா கேட்ட கேள்விக்காகவே முதலில் இந்த ஊர் ஏரியைச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எனக்கு முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் தூக்கு கிடைத்தது.

பதினைந்தே நாளில் ஜேசிபி வந்து ஏரியை மொட்டையடித்தது. நான் கரையில் நின்றுகொண்டு, நாட்டுக் கருவையை விட்டுவிடும்படி டிரைவருக்குக் கைகாட்டினேன். அவரும் கேட்டார். அடுத்த மழையில் ஏரியில் தண்ணீர் நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழய்யா எழுதியதில் தப்பில்லை. அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் லாரிக்கு லோடு ஏற்றப் போனார், வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டில் பார்க்க முடிந்தது. அம்மா யார் யார் கொல்லையிலோ பருத்தி எடுக்கவும் வெங்காயம் பிடுங்கவும் போனாள். வேலை இல்லாத நாள்தான் அதிகம். வேலை இருந்த நாளில் அந்த எவர்சில்வர் தூக்கில்தான் கஞ்சி எடுத்துப்போனாள்.

இப்போது நான் பெரம்பலூரில் தாவரவியல் படிக்கிறேன். பாடத்தில் சீமைக் கருவேலம் வரும்போதெல்லாம் பரிசு வாங்கிய அன்றைய சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

போட்டி முடிந்ததும் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து வழக்கம்போலக் காலை நீட்டினாள். நானும் ஊக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கை தூக்கச் சொன்னியே, அது அய்யா எழுதிக் குடுத்ததா?"

"இல்லம்மா, நானே சேத்தது!"

அம்மா காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "நல்லாத்தான் கேட்ட," என்றாள்.

முள் வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. முள் ஆழமாக ஏறியிருக்கிறது, பாவம், வலிக்கிறது என்று நினைத்தேன். அதை விரல் நுனியில் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சீமைதாம்மா!" என்று சரியாகச் சொன்னேன்.