டக் பிடித்த துப்பாக்கி

“துப்பாக்கியில ஒரு கோளாறும் இல்ல ஆசாரி. கோளாறெல்லாம் எம் மககிட்டதான்.”

தங்கவேல் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் கடைக்குள் நுழைந்தார். எழுபதுகளில் கம்பம் பஜாரில் லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வருவதெல்லாம் தோட்டத்தில் பன்றி விரட்டுகிற துப்பாக்கிகள். ட்ரிகர் இறுகிவிட்டது, குழலில் துரு, தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டையில் விரிசல் என்று கொண்டுவருவார்கள். பெற்ற பிள்ளையை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான்.

தங்கவேலுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. மதுரையில் ஒரு ரைபிள் கிளப்பில் மெம்பர். ஒரே மகள் கலாவதிக்குப் பதினைந்து வயது இருக்கும். அவளையும் அங்கே கூட்டிப்போய்ப் பழக்கியிருந்தார். மிஷின் வீசுகிற களிமண் தட்டைப் பறக்கும்போதே சுட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதில் கொள்ளை ஆசை. ஜூனியர் செலக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சுடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறாளாம்.

“செலக்‌ஷன்லயும் கண்ண மூடுனான்னா இத்தோட சரி. பேசாம வீட்டோட கெடக்கட்டும். ஊர்ல ஏற்கெனவே சிரிக்கிறாக” என்றார். கலாவதி தரையைப் பார்த்தபடி நின்றாள். கூட வந்திருந்த அவள் அம்மா மகளின் முதுகில் கை வைத்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபப்பட்டுக் கடை நடத்த முடியாதே என்று வாயை மூடிக்கொண்டேன். துப்பாக்கியை வாங்கி மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டேன். இரட்டைக்குழல், பன்னிரண்டு போர் அளவு, சீமைச் சரக்கு.

“எங்கன வலிக்குது ஆத்தா?”

அம்மாதான் மகளின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். புஜம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. தோள்குழியில் உட்கார வேண்டிய கட்டை புஜத்தில் போய் இடித்திருக்கிறது. கட்டையின் அடியை அவள் முழங்கை மடிப்பில் வைத்து, விரலை நீட்டச் சொன்னேன். ட்ரிகருக்கு எட்டவே இல்லை.

“இது நெட்டையான ஆளுக்குச் செஞ்ச கட்டை. இந்த ஒத வாங்குனா கண்ணு தானா மூடும். எனக்குந்தான் மூடும், உங்களுக்குந்தான் மூடும்” என்றேன்.

“வளர்ற புள்ளதான ஆசாரி. ரெண்டு வருசத்துல எட்டிரும்.”

நம் ஊர்ப் பழக்கம் அது. பள்ளிக்கூடச் சட்டையை இரண்டு அளவு பெரிதாகத் தைப்போம். செருப்பைப் பெரிதாக வாங்கி நடக்கவிடுவோம். சட்டை தொளதொளவென்று இருந்தால் உதைக்காது. துப்பாக்கி உதைக்கும்.

கட்டையை அறுத்துவிடலாம் என்றேன். தங்கவேலின் முகமே மாறிவிட்டது. “எங்கப்பா வச்சிருந்த துப்பாக்கி. சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வச்சுக் கும்புடுறோம். அதுல போயி ரம்பம் வைக்கவா?”

அவரையும் குறை சொல்ல முடியாது. நல்ல வால்நட் கட்டை, அறுத்தால் அறுத்ததுதான். எனக்கே கை கூசியது. ஒரு பக்கம் செத்துப்போன பெரியவரின் துப்பாக்கி, இன்னொரு பக்கம் பிள்ளையின் புஜம்.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். “ஆசாரியண்ணே, பாவாடைக்கு டக் பிடிக்கிறோம்ல? உசரம் ஆக ஆகப் பிரிச்சு விடுறோம். இதுக்கு அப்பிடி ஒண்ணும் பண்ண முடியாதா?”

“கட்டைய மடிச்சுத் தைப்பாகளாக்கும்! சும்மா இரு” என்று தங்கவேல் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. மரத்தை மடிக்க முடியாது, சரி. வில்லை வில்லையாக அறுக்கலாமே! அறுத்ததைத் தூர எறிய வேண்டும் என்று யார் சொன்னது?

விளக்கிச் சொன்னேன். கட்டையின் அடியில் மூன்று வில்லைகள் அறுப்பது. கட்டையின் அடியை மூடுகிற தகட்டை மறுபடி ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. அவள் வளர வளர ஒவ்வொரு வில்லையாகத் திரும்பச் சேர்த்து, அதற்கேற்ற நீளமான ஸ்க்ரூ போடுவது. “ரம்பம் தின்ன தூள் மட்டுந்தான் போகும். மிச்சமெல்லாம் உங்க அப்பா துப்பாக்கிதான்.”

தங்கவேல் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். மகளின் புஜத்தையும் ஒரு தடவை பார்த்தார். “இன்னிக்கு வெள்ளிக்கெழம, அறுக்காதீக. ஞாயித்துக்கெழம பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, விளிம்பு பெயராமல் இருக்க டேப் சுற்றி, பொடிப்பல் ரம்பத்தால் அறுத்தேன். பிறகு கலாவதி வந்து துப்பாக்கியை ஏந்திப் பார்த்தாள். கட்டை தோள்குழியில் உட்கார்ந்தது. நீளக் கட்டையால் அதுவரை பின்னால் வளைந்து நின்ற பெண் நிமிர்ந்து நின்றாள்.

செலக்‌ஷன் முடிந்து மதுரையிலிருந்து வந்தவர்கள் நேராக என் கடைக்கு வந்தார்கள்.

“இவள எடுக்கல ஆசாரி” என்றார் தங்கவேல்.

பெரியவரின் துப்பாக்கியை அறுத்ததுதான் மிச்சம், இனி இந்தப் பிள்ளையை வாசலைத் தாண்ட விடமாட்டார் என்று நினைத்தேன். கண்ணை மூடினாளா என்று கேட்கப் பயமாக இருந்தது. கலாவதியே பேசினாள்.

“தவறவிட்டதெல்லாம் தட்டுக்குப் பின்னாடிதான் மாமா போச்சு. பாத்தேன். வலது பக்கம் போறதுக்கு லேட்டாச் சுட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் முன்னாடி புடிக்கணும்.”

கண்ணை மூடிக்கொண்டு சுட்டவளுக்குத் தட்டு போன திசையே தெரியாது. இப்போது தவறவிட்ட ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்து கணக்குச் சொல்கிறாள்.

“மதுரையில பஸ் ஏறுனதுல இருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு வர்றா” என்றார் தங்கவேல். அலுத்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். “தோட்டா எங்கன நல்லதாக் கெடைக்கும் ஆசாரி? வலது பக்கத் தட்ட மட்டும் தனியாப் போட்டுப் பழகணுமாம்ல.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வலியில் இருக்கிற பிள்ளைக்குத் தன் தப்பு தெரியாது, வலி மட்டுந்தான் தெரியும். நம் வேலை வலியை எடுப்பது. தப்பை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.