மவுஸ் என் கையில்

இப்போதும் யாராவது டிஜிட்டல் பயிற்சி என்று வாயைத் திறந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அந்தக் கண்றாவியை மூன்று வருஷம் நடத்தியவளே நான்தான்.

வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர வேண்டும். இருபது நாள் வகுப்பு, கடைசியில் ஆன்லைன் தேர்வு, பாஸானால் சர்டிபிகேட். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஏம்பலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எனக்குக் கொடுத்த ஐந்து லேப்டாப்பில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. மற்ற நாலும் போட்டோவுக்கு. பெண்கள் கரும்புக் கொல்லை வேலையை முடித்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு வருவார்கள். செத்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மவுஸ் மேல் கை வைப்பார்கள். நான் படம் எடுத்து மேல் ஆபீசுக்கு அனுப்புவேன். அப்புறம் டீ, பஜ்ஜி. அவ்வளவுதான் வகுப்பு. மேலே இருந்தவர்களுக்கும் அந்தப் படம்தான் வேண்டும். இவர்களில் யாருக்கு என்ன தெரிந்தது என்று ஒரு நாயும் கேட்டதில்லை.

ஒருத்தி மட்டும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப மாட்டாள். பத்தாவது முடித்தவள். புருஷன் கரும்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். வெயிலில் கரும்புத் தோகை உரித்து உரித்து அவள் கையெல்லாம் கீறலாக இருக்கும். பால் சொசைட்டி ஒன்றில் கம்ப்யூட்டருக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், சர்டிபிகேட் வைத்திருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவள் அவள். கொல்லை வேலையிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

"இன்னா டீச்சர், இந்த ஒண்ணு நல்லாதான கீது? அஞ்சு நிமிசம் குடுங்களேன், தட்டிப் பாத்துட்டுத் தரேன்."

"சார்ஜ் எறங்கிடும்க்கா. பரீச்சைக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீபோர்டைக் கட்டம் கட்டமாக வரைந்து, வீட்டில் விரல் வைத்துப் பழகியிருந்தாள். எழுத்தெல்லாம் சரியா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். எல்லாம் சரியாகவே இருந்தது. "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜியை எடுத்துக் கடித்தேன். சீ! இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

தேர்வு நடத்த, பயிற்சி கொடுக்கிற எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. லேப்டாப் கேமரா தேர்வு எழுதுகிறவரின் முகத்தை மட்டும்தான் பார்க்கும். ஆகவே அந்தப் பெண் அசையாமல் நேராக உட்கார வேண்டும். நாங்கள் கேமராவில் படாமல் பக்கத்தில் குனிந்துகொண்டு, மவுஸைப் பிடித்து விடைகளை அமுக்கிக்கொண்டே போவோம். ஒரே மத்தியானத்தில் ஊரே பாஸ். யாரும் ஃபெயிலாகக் கூடாது; ஃபெயிலானால் எங்கள் வேலைக்கு உலை.

அவள் முறை வந்தது. முதல் கேள்விக்கு அவளே மவுஸை நகர்த்தி அமுக்கினாள். சரியான விடை. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் அம்புக்குறி அங்கும் இங்கும் ஓடியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அதைத் துரத்தினாள். வாசலில் இன்னும் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"வுடுங்க டீச்சர், நானே போடறேன். எனக்குத் தெரியும்."

"லேட்டாவுதுக்கா. நீங்க நேரா பாருங்க" என்று அவள் விரல்களை விலக்கிவிட்டு மவுஸைப் பிடுங்கினேன். அவள் கடைசிவரை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றைந்து மார்க்.

அடுத்த மாதம், வேறு ஊரில் நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த கூடத்துக்குப் பஸ் பிடித்து வந்துவிட்டாள். அந்த மார்க்கைப் பார்த்து முதல் ஆளாக அவளைத்தான் சொசைட்டியில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பத்துப் பேரு பேரையும் பால் அளவையும் கம்ப்யூட்டர்ல ஏத்துமான்னாங்க. எழுத்து எங்கெங்க கீதுன்னு தெரியுது. அத எழுதற எடத்த எப்பிடித் தொறக்கறதுன்னுதான் தெரியல. இந்த சர்டிபிகேட்ட எங்கமா வாங்கனன்னு கேட்டாரு அந்த ஆளு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

வேலை இன்னொருத்திக்குப் போய்விட்டது. கள்ள சர்டிபிகேட்காரி என்று ஊரில் பேரும் ஆகிவிட்டது.

"அடுத்த பேட்ச்ல சேந்துக்கங்கக்கா, நானே சொல்லித் தரேன்" என்றேன். ஒருமுறை பாஸானவரை மறுபடி சேர்க்க விதி இடம் தராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய் சரளமாக வந்தது.

"அதையும் கேட்டுட்டுதான் வந்தேன். பாஸானவங்கள சேக்க மாட்டாங்களாமே" என்றாள்.

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பரீச்ச எழுதனது நீங்க. பாஸானதும் நீங்க. நாளைக்கு அந்தக் கொல்லைக்கு மட்டும் நான் போவணுமா டீச்சர்?"