விரலிடுக்கில் ஒரு பொட்டு டிசைன்

மருதாணி போடுகிறவளுக்கு வேறு எது வந்தாலும் கையில் அரிப்பு மட்டும் வரக் கூடாது. எனக்கு வந்தது. அதுவும் கல்யாண சீசனில், மாப்பிள்ளைகள் லீவு போட்டு வளைகுடாவிலிருந்து வந்து இறங்கும் நேரத்தில்.

எங்கள் கடற்கரை ஊரில் மணப்பெண்ணுக்கு மருதாணி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். மாமி என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து வேளைத் தொழுகையையும் விடமாட்டார், அக்கம்பக்கத்துச் சங்கதியையும் விடமாட்டார்.

முதலில் விரலிடுக்கில் கடுகு கடுகாக நாலைந்து பொரிந்தன. பிறகு மணிக்கட்டிலும். படுத்தால் போதும், அரிப்பு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மாமியிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "இறாலு. வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

இறாலை நிறுத்தினோம். அரிப்பு நிற்கவில்லை. நண்டை நிறுத்தினோம், கருவாட்டை நிறுத்தினோம், ஒரு பாவமும் அறியாத கத்தரிக்காயையும் நிறுத்தினோம். கடைசியில் மீனே வேண்டாம் என்றாகி, ஒரு வாரம் பருப்பும் ரசமுமாக ஓடியது. தீர்ப்புச் சொன்ன மாமியோ நிலைக்கதவில் முதுகைச் சாய்த்து மேலும் கீழுமாக உரசிக்கொண்டிருந்தார். கேட்டால், "வேர்க்குரு புள்ள. வெயிலு என்னா அடி அடிக்குது" என்பார்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தொடர்ந்து மீன் வாங்கவில்லை என்றால் ஒன்று அங்கே மவுத்து விழுந்திருக்கும், இல்லாவிட்டால் அம்மை. மீன்காரம்மா கூடையை வாசலுக்கு ரொம்பத் தள்ளியே இறக்கினார்.

"என்னக்கா, வீட்டுல ஆருக்கும் அம்மை போட்டிருக்கா? சொல்லிருங்க, நான் இங்கனயே நின்னுக்கிர்றேன்."

"மீனு அலுத்துப்போச்சும்மா" என்றார் மாமி. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மீன் அலுக்குமா? மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடியே போனார்.

எனக்குக் கைதான் பிழைப்பு. பொரிப்பொரியாக இருக்கிற கையோடு போனால் எவள் என்னிடம் கையை நீட்டுவாள்? அதனால் என் கையிலேயே மருதாணி வைத்து மறைத்தேன். ஒவ்வொரு பொரியின் மேலும் ஒரு பொட்டு, பொட்டைச் சுற்றி ஒரு வளையம், இடுக்கு முழுக்க நெருக்கமாக. அடுத்த கல்யாண வீட்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன டிசைன்? புதுசா இருக்கே!"

"துபாயில இப்ப இதுதான் ஓடுது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான். எல்லோருக்கும் அதுவே வேண்டும் என்றாகிவிட்டது. கொஞ்ச நாளில் தெரு முழுக்க விரலிடுக்கில் பொட்டு. எவளுக்கு டிசைன், எவளுக்கு அரிப்பு என்று எனக்கே அடையாளம் தெரியாமல் போனது.

அப்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. "பொதுமக்கள் கவனத்திற்கு. சொறி சிரங்கு ஒரு தொற்றுநோய். விரல் இடுக்குகளில் அரிப்பு உள்ளவர்கள்..." என்று அது தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவரவர் விரலிடுக்கைப் பார்த்தோம். கூடவே வந்த நர்ஸம்மா வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். அதில் போட்டிருந்த படம் என் கைதான் என்று சத்தியமே செய்யலாம். மருதாணி மட்டும்தான் இல்லை.

அத்தனை பேர் கையையும் மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான்.

சலாம் சொன்னால் இரண்டு கையாலும் கையைப் பற்றுவது எங்கள் பெண்களின் வழக்கம். பற்றாமல் போனால் அது ஒரு சண்டைக்குச் சமம். நோட்டீஸ் வந்த மறுநாளிலிருந்து எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு சாமான் இருந்தது. ஒருத்தி கொத்தமல்லிக் கட்டோடு சலாம் சொன்னாள். இன்னொருத்தி வெறும் வாளியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். "உப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டையே பூட்டிட்டாகளாம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உப்பூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பற்றி அதையே பேசிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில், வருகிற வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மருதாணி, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே ஒவ்வொரு பெருநாளுக்கும் என்னிடம் கையை நீட்டியவள். அந்தக் கையில் நான் இதை ஒட்டிவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் அவளைத்தானே சொல்வார்கள்? உண்மையைச் சொன்னால் என் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் என் தூக்கம் போகும். அது ஏற்கெனவே அரிப்பில் பாதி போயிருந்தது.

திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். கையைப் பார்த்ததும், "டிசைன் நல்லாயிருக்கே" என்றார். பிறகு குனிந்து பொட்டுக்கு அடியில் பார்த்தார்.

"சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. வீட்டுல எல்லாரும் ஒரே ராத்திரியில கழுத்துலருந்து கால்வரைக்கும் கிரீம் பூசணும். காலைல குளிச்சிட்டு, போட்ட துணியையும் விரிப்பையும் சுடுதண்ணியில அலசுங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பூசணும். அரிப்பு ரெண்டு வாரம் இருக்கும். ஆனா பூசின மறுநாள்லருந்து மத்தவங்களுக்கு ஒட்டாது. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"மாமிக்கு வேர்க்குருன்னு சொல்றாக."

டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு ட்யூப் எழுதிக் கொடுத்தார்.

மாமியிடம் சிரங்கு என்ற சொல்லையே எடுக்க முடியவில்லை. "அஞ்சு வேளை கைகால் கழுவி ஒளுச் செய்ற உடம்பு புள்ள இது. எனக்கா சிரங்கு? நாக்கைக் கழுவு!" என்றார். நானும் வழிக்கு வந்தவள்போல ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "சிரங்குக்கு இல்ல மாமி. உங்க மகன் ஆள் மூலமா கொடுத்தனுப்புன கிரீமு. தோலு மினுமினுன்னு ஆகுமாம்." மாமி ட்யூபைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டார். மறுநாள் மகன் ஃபோன் செய்தபோது, "நீ அனுப்புன கிரீமு சோக்கா இருக்குப்பா" என்றார். அந்தப் பக்கம் அவர், "எந்தக் கிரீமு?" என்று கேட்பதற்குள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை எதிர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெண்ணின் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சிரங்கு இருந்தது, மருந்து பூசிவிட்டேன், இனி ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் இதுவரை நான் மருதாணி போட்டவர்களில் யாருக்காவது அரிப்பு இருந்தால் காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஓர் அடி பின்னால் போய்விட்டு, "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார்.

அவர் யோசித்தாரோ இல்லையோ, மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டிருந்த கல்யாண வீடுகளிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நாங்க மருதாணி வைபவத்தையே சின்னதா வச்சிக்கிட்டோம், தப்பா நினைச்சுக்கிராதீய." "அக்கா, எங்க சித்தி மகளே போட்டுவிடுதாளாம்." அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உண்மையைச் சொன்னதற்கு இதுதானா என்று ஆத்திர ஆத்திரமாக வந்தது. "இவளுக்கு எங்கேருந்து ஒட்டிச்சோ" என்று வாசலில் யாரோ பேசிக்கொண்டு போனது உள்ளே நன்றாகக் கேட்டது. மாமி அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். "மருதாணிக் கோனை எடுத்துக்க. வா."

"அவுக கூப்பிடலையே மாமி."

"நான் கூப்பிடுறேன்ல."

எதிர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் அத்தனை கைகளும் துப்பட்டிக்குள் போயின. மாமி நேராக நடுவில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிய நீட்டினார்.

"இவளுக்கு எங்கேருந்து ஒட்டிச்சுன்னு பேசிக்கிறியளாமே. எங்கிட்டேருந்துதான். நோம்புக்கு முந்தியே எனக்கு அரிப்பு. தொழுவுற பொம்பளைக்குச் சிரங்குன்னா ஆரு மதிப்பாகன்னு பயந்து வேர்க்குருன்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பேசுறதா இருந்தா என்னையப் பேசுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமி, அப்ப அந்தக் கிரீமு..."

"எம்மகன் கொடுத்தனுப்புனதா? சவூதிக்காரன் எதுக்கு புள்ள அதுல 'அரசு மருத்துவமனை, விற்பனைக்கு அல்ல'ன்னு தமிழ்ல எழுதுறான்? எனக்கென்ன வாசிக்கத் தெரியாதா?"

மூலையில் ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்தாள். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது சன்னலோரம் இருந்த ஒருத்தி, "எனக்கும் பத்து நாளா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் பக்கத்திலிருந்தவளும் துப்பட்டிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள்.

மணப்பெண் எழுந்து வந்தாள். அவள் உம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க உம்மா. இருக்குறதச் சொல்லாம கையப் புடிக்கிறவுக எத்தன பேரோ. இவுக சொல்லிட்டாகள்ல" என்று சொல்லிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து வலது கையை என் மடியில் வைத்தாள்.

நான் கோனை எடுத்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. முதல் கோட்டை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மாமி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அழுதுக்கிட்டே போட்டா கோடு கோணிரும் புள்ள" என்றார். "அழுதுட்டுப் போடு."

அழுதுவிட்டுப் போட்டேன்.